பெயர் மாறட்டும், பழையதும் இருக்கட்டும்

ஊர்ப் பெயர் மாறுவது நமக்குப் புதிதல்ல. பம்பாய் 1995-இல் மும்பை ஆயிற்று. மறு வருடம் மதராஸ் சென்னை ஆயிற்று. கிருமிகளுக்கும் இப்படிப் பெயர் மாறுவதுண்டு.

1950-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து அறிஞர் வால்டர் பர்கோல்டர், வெங்காயத்தை அழுக வைக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு 'சூடோமோனாஸ் செபேசியா' என்று பெயரிட்டார். இலத்தீனில் 'செபா' என்றால் வெங்காயம். பிற்பாடு அது மனிதரின் நுரையீரலிலும் காணப்பட்டது. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை வேறு பேரினத்தில் சேர்த்து, 'பர்கோல்டேரியா செபேசியா' என்றனர். 1997-இல், அது ஓர் இனமல்ல, உருவொத்த பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது.

இதெல்லாம் வீண் வேலை என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. இக்கூட்டத்தில் சில பயிரின் வேரைக் காக்கின்றன. சில, நலிந்த நுரையீரலில் புகுந்து, பல மருந்துகளுக்கும் அடங்காமல் உயிரைக் குடிக்கின்றன. எது எதுவென்று பிரித்தறியாமல் வயலில் தெளிக்க முடியுமா?

ஆகவே பெயர் மாற்றம் தேவைதான். ஆனால் மருத்துவச் சோதனை அறிக்கையில் பழைய பெயரையும் அடைப்புக்குறிக்குள் அச்சிட வேண்டும். மருத்துவமனைகளில் அடிக்கடி காணப்படும் 'என்டெரோபாக்டர் ஏரோஜீன்ஸ்' 2017-இல் 'க்ளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ்' ஆகிவிட்டது. மாற்றலாகி ஊர் ஊராய்ப் போகும் நம் குடும்பங்களிடம் இரண்டு பெயரிலும் அறிக்கைகள் இருக்கலாம். வந்திருப்பது புது நோயா, பழைய கிருமியேதானா என்று வீட்டார் கலங்க வேண்டாமே!

பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாதீர்கள். புது ஊர் மருத்துவரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.