ஒரு சிலைகூட வைக்கவில்லையே!

விஞ்ஞானக் கதைத் தொடர்களின் ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு வாதம் பண்ண வக்கீல் படிப்பு போதாது. 'அந்த வேகத்துல கப்பல் திரும்பினா உள்ள இருக்கறவன் சட்னி ஆகியிருப்பானே?' என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும். நானும் அந்தக் கட்சிதான். ஆனால், நட்டு போல்ட்டுக்கெல்லாம் கணக்குக் கேட்கிற இதே ஆசாமிகள் வில்லன் விஷயத்தில் மட்டும் வெண்ணெயாக உருகிவிடுகிறார்கள். 'பாவம்ப்பா, அவனுக்குள்ளயும் ஒரு நல்லவன் இருக்கான். திருத்தியிருக்கலாம்.'

இந்த வாரம் என் சண்டை இந்தப் 'பாவம்ப்பா'வோடு.

கேஸ் கட்டு இதுதான்: 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்.' 1993 முதல் 1999 வரை 7 சீசன்கள் ஓடிய அமெரிக்கத் தொடர். மற்ற ஸ்டார் ட்ரெக்குகளில் கப்பல் ஊர் ஊராகப் போகும். இதில் கதை ஒரு விண்வெளி நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் செய்த பாவத்தை விட்டுவிட்டு அடுத்த கிரகத்துக்கு ஓடிவிட முடியாது.

பஜோர் என்ற கிரகத்தை கார்டாஸியர்கள் அரை நூற்றாண்டு அடக்கி ஆள்கிறார்கள். மக்களை உழைப்பு முகாம்களில் அடைக்கிறார்கள், சுரண்டுகிறார்கள், கடைசியில் கிளம்பிப் போகிறார்கள். அந்த ஆட்சியின் கடைசி கவர்னர், கல் டுகாட். ('கல்' என்பது ராணுவப் பதவி. பொருத்தமான பதவிதான்.) நடித்தவர் மார்க் அலைமோ. நீண்ட கழுத்து, பட்டுப் போன்ற குரல், எதிரியையும் உட்காரவைத்து உபசரிக்கிற நாகரிகம். ஒரு பஜோரியப் பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த மகள் ஸியால். அவள் உயிரோடு இருப்பது வெளியே தெரிந்தால் பதவிக்கு ஆபத்து என்று கொல்லப் போகிறான். போன இடத்தில் மனசு வராமல் அணைத்துக்கொள்கிறான். இது 1995-ல்.

அவ்வளவுதான். ரசிகர்களில் ஒரு கோஷ்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது. 'திருந்திட்டான்யா!'

கொஞ்சம் நில்லுங்கள். பெற்ற மகளைச் சுடாமல் விட்டது ஒரு சாதனையா? அது மனிதப் பிறவிக்கு மினிமம் மார்க் இல்லையோ?

இதை விட்டுவிட்டு ரசிகர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் தெரியுமா? 1997 நவம்பரில் ஒளிபரப்பான 'சாக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்' எபிசோடுக்கு. 2,800 எதிரிக் கப்பல்கள் ஒரு வார்ம்ஹோல் வழியாக வந்துகொண்டிருக்கின்றன. கேப்டன் ஸிஸ்கோ ஒற்றைக் கப்பலோடு உள்ளே போகிறார். அதற்குள் வசிப்பவை காலம் என்பதே இல்லாத ஜீவன்கள். பஜோரியர்களுக்கு அவைதான் தெய்வங்கள். ஸிஸ்கோ அவற்றோடு மல்லுக்கு நிற்கிறார். அடுத்த நிமிஷம் 2,800 கப்பலும் காணோம். 'இது போங்காட்டம்' என்று எகிறினார்கள். இன்றைக்கும் எகிறுகிறார்கள்.

போங்காட்டம் இல்லை என்பது என் கட்சி. அந்த ஜீவன்களை 1993-ன் முதல் எபிசோடிலேயே அறிமுகப்படுத்தியாகிவிட்டது. உதவியும் இனாம் இல்லை. உனக்கு பஜோரில் நிம்மதி கிடைக்காது என்று ஸிஸ்கோவிடம் அப்போதே சொல்லிவிடுகின்றன. 1999-ன் கடைசி எபிசோடில் கடன் வசூலாகிறது. கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு அவற்றோடு போய்ச் சேர்கிறார் மனிதர். விலை கொடுத்து வாங்கின அற்புதத்தை ஓட்டை என்று சொல்லாதீர்கள்.

கேட்க வேண்டிய லாஜிக் கேள்வி வேறு. 2,800 கப்பல்களை ஊதித் தள்ள முடிந்த தெய்வங்கள், பஜோரியர்கள் அரை நூற்றாண்டு முகாம்களில் செத்தபோது எங்கே போயிருந்தன? கப்பல் மாயமானதற்குக் கணக்குக் கேட்கிறோம். ஜனங்கள் மாயமானதற்குக் கேட்க மறந்துபோகிறோம். டுகாட் விஷயத்திலும் இதே மறதிதான்.

அதே எபிசோடில் அவன் ஒரு புலம்பல் புலம்புவான். எதிரியைக் கொல்வது வெற்றி இல்லையாம். உன்னை எதிர்த்தது தப்பு என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டுமாம். குழந்தைகள் மாதிரி பார்த்துக்கொண்டேனே, பஜோரில் எனக்கு ஒரு சிலைகூட வைக்கவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்படுகிறான். கொஞ்ச நேரத்தில் ஸியால் சுடப்பட்டுச் சாகிறாள், இவன் புத்தி பேதலிக்கிறது. மறுபடியும் 'பாவம்ப்பா!'

ரசிகர்கள் டுகாட்டை இப்படிக் கொஞ்சுவது தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பேருக்கே சங்கடமாகிவிட்டது. விளைவு, 1998-ல் ரொனால்ட் மூர் எழுதிய 'வால்ட்ஸ்'. ஆளில்லாத கிரகத்தில், ஒரு குகையில், காயம்பட்டுக் கிடக்கும் ஸிஸ்கோவிடம் டுகாட் தன் நிர்வாகச் சாதனைகளை அடுக்குகிறான். முகாம்களின் உற்பத்தி இலக்கைப் பாதியாகக் குறைத்தானாம். குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழித்தானாம். ரேஷனைக் கூட்டினானாம். ஒரே மாதத்தில் சாவு 20 சதவிகிதம் குறைந்ததாம்.

அருமை. 20 சதவிகிதம் குறைந்தது என்றால் என்ன அர்த்தம்? மீதி 80 வழக்கம்போல் நடந்தது என்று அர்த்தம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அந்த ஓநாய் குடையும் வாங்கிக் கொடுத்து ரசீது வைத்திருக்கிறது, அதுதான் வித்தியாசம். நன்றிகெட்ட பஜோரியர்கள் ஒரு கப்பல் தளத்தைத் தகர்த்து 200 பேருக்கு மேல் கொன்றதும், இவன் சந்தேகப்பட்ட 200 பேரைப் பிடித்துச் சுட உத்தரவிடுகிறான். இருநூறுக்கு இருநூறு, இது நீதிதானே என்கிறான். பேசப் பேச மேல்பூச்சு உதிர்கிறது. மொத்தப் பேரையும் கொன்றிருக்கவேண்டும் என்று கத்தும்போதுதான் ஆள் யாரென்று அவனுக்கே தெரிகிறது.

இப்போது அதே தொடரில் இன்னொரு ஆள். பெயர் டமார். (சிரிக்காதீர்கள்.) டுகாட்டின் எடுபிடி, அப்புறம் குடிகாரத் தலைவன். ஸியாலைச் சுட்டவனே இவன்தான். 1999-ல் டொமினியன் என்ற தன் எஜமானர்களுக்கு எதிராகவே கலகம் செய்கிறான். அவர்கள் பழிக்கு அவன் மனைவியையும் மகனையும் கொன்றுவிடுகிறார்கள். குற்றமற்ற பெண்ணையும் பிள்ளையையும் கொல்ல உத்தரவு போடுகிறவர்கள் எப்படிப்பட்ட ஜனங்கள் என்று அவன் குமுறும்போது, பக்கத்தில் நிற்பவள் கீரா. சின்ன வயசிலேயே கார்டாஸியர்களுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய பஜோரியப் பெண். ஆமாம் டமார், எப்படிப்பட்ட ஜனங்கள், என்று அவன் கேள்வியையே திருப்பிக் கேட்கிறாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்? டமாருக்குத் தெரிந்தது. பழைய ஏகாதிபத்தியக் கனவைக் கைவிட மறுக்கும் சொந்த நண்பனையே கொஞ்ச நேரத்தில் சுட்டுத் தள்ளுகிறான். கடைசி எபிசோடில் எதிரியின் தலைமையகத்துக்குள் முதல் ஆளாகப் பாய்ந்து செத்துப்போகிறான்.

'அப்படீன்னா ஸியாலைக் கொன்னதுக்கு மன்னிப்பா சார்?' என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. கதையில் யாரும் மன்னிக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. மன்னிப்பு வேறு, திருந்துவது வேறு. திருந்துவது செய்தவன் வேலை. மன்னிப்பது அடிபட்டவன் உரிமை. சோபாவில் சாய்ந்து பார்க்கிற நமக்கு டுகாட்டின் குரல் பிடித்துப்போய்விட்டது என்பதற்காக அந்த உரிமை நம் கைக்கு வந்துவிடாது. முகாமில் செத்தது நாமல்ல. கீராவுக்கும் டுகாட்டுக்கும் காதல் வைக்கலாமா என்று ஒரு யோசனை எழுந்தபோது, கீராவாக நடித்த நானா விசிட்டர் முடியவே முடியாது என்று மறுத்தார். அந்தம்மாவுக்குப் புரிந்திருக்கிறது.

எழுத்தாளர்களையும் விடுவதாக இல்லை. 'வால்ட்ஸ்' எழுதிய கையோடு நிறுத்தியிருக்கலாம். பிற்பாடு டுகாட்டுக்குள் பேயை இறக்கி, கண்ணைச் சிவப்பாக்கி, தீக்குகையில் தள்ளி முடித்தார்கள். அதுதான் இந்தத் தொடரின் நிஜ ஓட்டை. கண் சிவந்த பேயைக் கண்டால் யாரும் ஓடிவிடுவோம். சதவிகிதத்தோடு பேசுகிற நாகரிகமான நிர்வாகியைக் கண்டால்தான் நாற்காலி போடுகிறோம்.

ஒருத்தனை மட்டும் மறக்காதீர்கள். 1993-ன் 'டூயட்' எபிசோடில் வரும் மாரிட்ஸா. கொடூரமான ஒரு முகாமில் வெறும் ஃபைல் குமாஸ்தா. யாரையும் கொல்லவில்லை. அலறல் கேட்காமல் இருக்கக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் அழுதவன். பல வருஷம் கழித்து, முகாம் தளபதி நான்தான் என்று பொய் வேஷம் போட்டு வந்து மாட்டிக்கொள்கிறான். தன்னைத் தூக்கில் போட்டாலாவது தன் தேசம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதா என்று.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே தலைகீழ். குமாஸ்தா சாவைக் கேட்டான். கவர்னர் சிலை கேட்டான்.

அடுத்தமுறை வில்லனுக்காகத் தொண்டை அடைத்தால், கண்ணைத் துடைப்பதற்கு முன் ஒன்றே ஒன்று பாருங்கள். ஆசாமி என்ன கேட்கிறான்? சிலை கேட்டால், டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.