தண்ணியில்லாக் காட்டுக்கு யார் கணக்கு வாத்தியார்?

"ஒழுங்கா இரு, இல்லைன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பல தலைமுறையாகப் புழங்கும் மிரட்டல் இது. அந்தக் காடு எது என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது எங்கள் இராமநாதபுரத்தை. ஓர் ஆசிரியரைத் தண்டிக்க எங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றால், இங்கே பிறந்த பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? அரசுப் பள்ளியைத் தவிர வேறு வழியில்லாத சேரிப் பிள்ளைகளும் மீனவப் பிள்ளைகளும்தான் அந்தத் தண்டனையை அனுபவிக்கிறார்கள்.

வெளிமாவட்டத்துக்காரர் ஒருவர் தேர்வில் வென்று இங்கே பணியில் சேர்கிறார். பிறகு கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிப் போகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலியாவது கணக்கு, இயற்பியல் இடம் என்றால் இழப்பு அந்த ஆண்டோடு முடியாது. பாட ஆசிரியர் இல்லாவிட்டால் மேல்நிலையில் கணிதப் பிரிவு பெயருக்குத்தான் நடக்கும். அந்தப் பிரிவு இல்லாமல் பி.எஸ்சி. கணிதம் இல்லை, அது இல்லாமல் கணக்கு வாத்தியாராக பி.எட். இல்லை. ஆசிரியர் இல்லாத ஊர் ஆசிரியரை உருவாக்கவே முடியாத ஊராகிவிடுகிறது.

இதற்குள் சாதியும் வேலை செய்கிறது. நான் பதினோராம் வகுப்பில் சேரப் போனபோது, "உங்க தெருப் பிள்ளைகளுக்கு எதுக்கு கணக்கு குரூப்பு?" என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் என்னோடு பத்தாம் வகுப்பு முடித்த ஏழு பேரில் ஆறு பேர் அந்தக் கேள்வியோடு திரும்பிவிட்டார்கள்.

தட்டுத்தடுமாறிப் பட்டம் வாங்கியவர்கள் முன்னால் 'தகுதி' வந்து நிற்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் 60 விழுக்காடு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை தரலாம் என்று 2011இலேயே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் சொல்லியிருந்தும், தமிழ்நாட்டில் 5 விழுக்காட்டுச் சலுகை 2014இல்தான் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதையும் ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அதை நிலைநிறுத்தியது. சமூகநீதி மண்ணில் அந்த ஐந்து விழுக்காட்டுக்கு இத்தனை அலைச்சல்.

2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். உள்ளூர்க்காரருக்கு வேலை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இனச்சுழற்சி இல்லாமல் ஊரே தேர்ந்தெடுக்கும் என்றால், 'ஊர்' என்பதில் சேரி எங்கே இருக்கிறது?

அதனால் 'உள்ளூர் ஆசிரியர்' என்ற கோரிக்கையை நாம் கவனமாகவே வைக்க வேண்டும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடக் கூடாது என்றது அது. நமக்குத் தேவை மாவட்டத்துக்குள் இருந்து வரும் ஆசிரியர்கள். நியமனம் இனச்சுழற்சிப்படி, நிரந்தரமாக, தன் சாதி கோலோச்சும் ஊருக்கு வெளியே.

பாடம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இராமேஸ்வரமே சாட்சி. நம் பள்ளிச் சுவர்களில் எல்லாம் அப்துல் கலாம் படம் இருக்கிறது. கோயில் குருக்கள் மகனோடு உட்கார்ந்திருந்த அந்த இசுலாமியச் சிறுவனைப் பின்வரிசைக்கு விரட்டியவர் ஓர் ஆசிரியர். ஆசாரத்தை மீறி அவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டவர் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். இரண்டையும் கலாமே 'அக்னிச் சிறகுக'ளில் எழுதியிருக்கிறார். இந்த இருவரில் யாரை உருவாக்குகிறோம் என்று நம் பி.எட். பாடத்திட்டம் கேட்பதே இல்லை.

அறிவியல் கற்பிக்கும் முறைக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், சாதாரண கிராமத்து ஆசிரியர்களுக்கே தொடர்ந்து பயிற்சி தந்தது. மலிவான பொருள்களை வைத்து மாணவர்களே சோதனை செய்தார்கள். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவிய அதை 2002இல் அரசே நிறுத்தியது.

நம் கடற்கரையில் இதற்குப் பொருளா இல்லை? 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல காலம் இயங்கியதே மண்டபத்தில்தான். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமி பார்த்து நீர்மட்டம் கணித்துக் கடலில் இறங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு ஈர்ப்பு விசையை அங்கிருந்தே தொடங்கலாம். பி.எட். படிப்பின் 20 வாரப் பள்ளிப் பயிற்சியில் ஒரு பகுதியை மண்டபத்திலும் பாம்பனிலும் நடத்த என்ன தடை? பிளஸ் டூவில் அறிவியல் முடிக்கும் பட்டியல் சாதி, மீனவ மாணவர்களை அப்போதே அடையாளம் கண்டு, பட்டமும் பி.எட்.டும் அரசு செலவில் படிக்க வைத்து, மாவட்டத்திலேயே சில ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் போடட்டும்.

தோழர்களே, அடுத்த கலந்தாய்வுக்குள் உங்கள் ஒன்றியத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கணக்கு, அறிவியல் இடங்கள் எத்தனை காலி, எவ்வளவு காலமாக, தற்காலிகமாக நிரப்பியவற்றில் இனச்சுழற்சி பின்பற்றப்பட்டதா என்று கேளுங்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் நம் குரலை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.