ரேடியேற்றருக்கு எந்தத் தண்ணீர்?



வீட்டுக்காரர் விட்டுச்சென்ற பழைய காரை வாடகைக்கு ஓடவிட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் கார்களிற் சில இன்றும் ஓடுகின்றன. அந்த எஞ்சின்களைச் சத்தமில்லாமல் தின்பது துரு. அதைத் தடுக்க நாமே செய்யக்கூடியதை இம்மாதம் எழுதுகிறேன்.

இந்தக் கார்களின் எஞ்சின் வார்ப்பிரும்பு. ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். இரண்டையும் ஒரே தண்ணீர் தொடுவதால் இரும்பு அரிக்கப்படும். தண்ணீரில் உப்பிருந்தால் இன்னும் விரைவாக அரிக்கும். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. கேத்தலில் வெள்ளையாகப் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படிந்து, சூடு வெளியேறாமல் தடுக்கிறது. கொதிக்கவைத்து ஆற்றி வடித்தால் சுண்ணாம்பு குறையும், உப்புப் போகாது.

ஆகவே பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது. பற்றறி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். அது கிடைக்காவிட்டால், முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிளாஸ்ரிக் பரலில் பிடித்து வடிகட்டிய மழைநீர் உதவும்.

தண்ணீரோடு சரிபாதி கூலன்ற் கலக்க வேண்டும். "எங்கள் பக்கம் தண்ணீர் உறையாதே, கூலன்ற் எதற்கு?" என்பார்கள். அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துக்காகத்தான். நிறத்தைப் பார்த்து வாங்காமல், பழைய பித்தளை ரேடியேற்றருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

செய்யும் முறை:

1. எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே மூடியைத் திறவுங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

2. ரேடியேற்றரின் அடியிலும் எஞ்சின் பக்கத்திலும் உள்ள குழாய்களைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள்.

3. கலவையை நிரப்பி, சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் குறைந்ததை நிரப்புங்கள். பாதி வெறுமையாக விட்டால் காற்றுப்பட்டுத் துரு கூடும்.

4. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திகதியைக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

கூலன்ற் இனிப்பான நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆடு, நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள். கழித்ததைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

சாரதி வைத்திருப்போர் ஒன்றைக் கவனியுங்கள். வழியில் குறைந்தால் அவர் கிடைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவார். கலவையை ஒரு கலனில் நிரப்பிக் காரிலேயே வைத்துவிடுங்கள். கிழமைக்கொருமுறை நீங்களே மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் செம்மண் நிறமானால் துரு தொடங்கிவிட்டது, உடனே கழுவுங்கள். எண்ணெய் மிதந்தால் ஓட்டாமல் கராஜில் காட்டுங்கள். உழைத்துத் தரும் வாகனம் உங்களுடையது. அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.