பையன்கள் கெட்டுப் போகிறார்களாம்!

தவளக்குப்பத்துப் பெரியவர்கள் சிலர், "காலம் கெட்டுப் போச்சு, பதினைந்து வயதுப் பையன் பீடி பிடிக்கிறான், குடிக்கவும் பழகிவிட்டான்" என்று புலம்புகிறார்கள். காரணம் கேட்டால் ஒருவர் வயதுக் கோளாறு என்கிறார். மற்றொருவர் கிரகக் கோளாறு என்று பூசாரியிடம் அழைத்துப் போய்க் கயிறு கட்டுகிறார். அந்தக் கயிறு கட்டிய கையாலேயே பையன் கிளாசைப் பிடிக்கிறான்!

நாம் கேட்கின்றோம். சனீசுவரன் முள்ளோடைக்குத் தெற்கே ஒரு விதமாகவும் வடக்கே வேறு விதமாகவும் பிடிப்பானா? கடலூர்ப் பக்கம் 21 வயது ஆகாதவனுக்கு மது விற்கக்கூடாதென்பது சட்டம். எல்லையைத் தாண்டி நம் பக்கம் வந்தால் 18 போதும். பையனின் ஈரலுக்கு எல்லைக்கல் தெரியுமா? 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதும் இங்கே பிரெஞ்சுக்காரன் கடை திறந்தே இருந்தது. 1954இல் பிரெஞ்சுக்காரன் போனான், கடை போகவில்லை. காரணம், அதில் சர்க்காருக்கு நல்ல வரும்படி.

நிற்க, வயதுக் கோளாறு என்பதும் வெறும் சமாதானமே. 2019இல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களிடம் எடுத்த கணக்கில், 100க்கு 8 பேருக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் புகையிலை உபயோகிப்பதாகத் தெரிந்தது. பீடி தொட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 10 வயது ஆவதற்கு முன்பே தொட்டவர்களாம். 10 வயதுக்குள் என்ன வாலிபக் கோளாறு? அப்பனுக்குப் பீடி வாங்கக் கடைக்கு ஓடியவன் தனக்கும் ஒன்று பற்ற வைத்தால் அது எந்தக் கிரகத்தின் வேலை? வளரும் மூளையில் நிகோடின் சீக்கிரம் வேரூன்றுகிறது. பிறகு விடு என்றால் விடுமா?

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது ஆகாதவனுக்குப் பீடி சிகரெட் விற்பது குற்றம். அப்பனுக்காக வாங்கினாலும் குற்றமே. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் யாருக்கும் விற்கக்கூடாது. 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, சிறுவருக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 வருஷம் வரை கடுங்காவலும் லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டென்கிறது. திருவிழாவிலும் சாவு வீட்டிலும், "ஆம்பளைப் பிள்ளைதானே, ஒரு வாய் குடிக்கட்டும்" என்று ஊற்றிக் கொடுக்கும் சித்தப்பன் மாமன்மார்கள் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நலம்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் விஷச் சாயம் இருப்பதாகக் கண்டு புதுச்சேரி சர்க்கார் அதன் விற்பனையைத் தடுத்தது. நல்ல காரியம், நாம் பாராட்டுகிறோம். தெருத்தெருவாய் நடந்து மிட்டாய் விற்கும் ஏழையிடம் காட்டிய அந்தச் சுறுசுறுப்பில் பாதியைப் பள்ளிக்கூட வாசற்கடையிலும் மதுக்கடையிலும் காட்டட்டும். வயதையும் 21 ஆக உயர்த்தட்டும். அதுவரை, தவளக்குப்பத்து அப்பன்மார்கள் தங்கள் பீடியைத் தாங்களே போய் வாங்கிக் கொள்ளட்டும்.