ஞாயிறு பள்ளி காலியானதற்கு செல்போன் காரணமல்ல

நான் களப்பணி செய்யும் ஊரில் ஒரு தேவாலயம். ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களும் அங்கேதான் ஆராதனைக்கு வருகிறார்கள். ஞாயிறு பள்ளிக்கு ஒரு காலத்தில் 60 பிள்ளைகள் வந்தார்கள், பெரும்பாலும் நம் பிள்ளைகள். போன வருடம் எண்ணிப் பார்த்தால் 11 பேர். சேகரக் கமிட்டி கூடிக் காரணம் தேடியது. செல்போன், டியூஷன், கிரிக்கெட் என்று பட்டியல் போட்டார்கள். புரொஜெக்டர் வாங்கினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், தவறாமல் வந்தால் பரிசு என்றார்கள். பிஸ்கட் நின்றதும் பிள்ளைகளும் நின்றார்கள்.

பிள்ளைகளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். வகுப்பில் பரலோகத்தைப் பற்றிப் பாடம் நடந்த அன்று, 12 வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, அங்கேயும் நடுவுல சுவர் வச்சு ரெண்டு கல்லறை இருக்குமா?" அவள் தாத்தாவை அடக்கம் செய்தது சுவருக்கு இந்தப் பக்கம். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, வசனத்தை ஒப்பி" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அவளோடு சேர்ந்து வருகிற இரண்டு தோழிகளும் வரவில்லை.

தோழர்களே, அவளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஞாயிறன்று ஞானஸ்நானப் பெயர். திங்களன்று பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமிய தலித்துகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. சாதிச் சான்றிதழ் போய்விடும் என்ற பயத்தில் இந்தக் குழந்தை தன் பெயரையே மறைத்து வாழ்கிறாள். அவளை உட்கார வைத்து "பொய் சொல்லாதே" என்று பாடம் நடத்துகிறோம். இந்தப் பொய் உன்னுடையது அல்ல, சட்டம் உன் மேல் சுமத்தியது என்று அவளுக்கு யார் சொல்வது?

"ஞாயிறு பள்ளியில் அரசியல் பேசலாமா?" என்று கமிட்டியில் ஒருவர் என்னிடம் கேட்டார். இங்கிலாந்தின் க்ளோஸ்டர் நகரில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அன்று அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இது அரசியல் இல்லையா? கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கிற சுவர் அரசியல் இல்லையா? சுவரைக் கட்டியபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே!

இந்த வருடம் சேரியைச் சேர்ந்த 5 கல்லூரி மாணவர்கள் வகுப்பை எடுத்துக்கொண்டார்கள். முதல் அரை மணி நேரம் வாசிப்பு மட்டும். எட்டாம் வகுப்புக்கு வந்தும் தடுமாறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு கதை. முதல் வாரம் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம்: வைக்கோல் தர மாட்டேன், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்கிறான் பார்வோன். ஒரு பையன் எழுந்து, "எங்க அப்பா முன்பணம் வாங்கிட்டுப் போன சூளை மாதிரியே இருக்கே" என்றான். அன்று வகுப்பு இரண்டு மணி நேரம் நடந்தது. யாரும் பிஸ்கட் கேட்கவில்லை. இப்போது 40 பிள்ளைகளுக்குக் குறையாமல் வருகிறார்கள்.

நம் தோழர்களிலும் சிலர் "மதத்தோடு நமக்கென்ன வேலை?" என்று ஒதுங்குகிறார்கள். ஞாயிறு காலையில் சேரிப் பிள்ளைகள் தாமாக வந்து ஒன்றாக உட்காரும் இடம் வேறு எங்கே இருக்கிறது? பெற்றோர் நம்பி அனுப்புகிற இடம் அது. கீழ்ப்படிதலை மட்டும் கற்றுக்கொடுப்பவர்களிடம் அதை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து அதே பிள்ளைகளைப் போராட்டத்துக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? உங்கள் ஊர் தேவாலயத்துக்குப் போங்கள். ஒரு வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் கேள்வியை அடக்காதீர்கள்.

அந்தச் சிறுமி திரும்பி வந்துவிட்டாள். அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, சேகரக் கமிட்டி. சுவரை இடிக்கச் சொல்லிப் பிள்ளைகள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டு பெயர்களையும் போட்டிருக்கிறாள்.