மாட்டுச் சண்டைன்னு சிரிக்காதீங்க

போன வாரம் ரூம்மேட்டோட உட்கார்ந்து சீனப் போர்ப் படம் ஒண்ணு பார்த்தேன். அம்பு மழை, ஆயிரக்கணக்குல குதிரை. முடிஞ்சதும், "உங்க ஊர்ல அந்தக் காலத்துல என்னடா சண்டை நடந்திருக்கும்?"னு கேட்டான். நான் தேனிக்காரன். "மாட்டுக்காக அடிச்சிக்கிட்டாங்க"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். அப்போ பதில் வரல, இப்போ வருது.

ஆண்டிபட்டி பக்கம் வைகைக் கரையில புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல இருந்த கா. ராஜனும் அவரோட மாணவர்களும் அங்கே தமிழ் பிராமி எழுத்து உள்ள மூணு நடுகல்லைக் கண்டுபிடிச்சாங்க. கி.மு. காலத்துக் கல்லுங்க. அதுல ஒண்ணு சொல்றது இவ்வளவுதான்: பேடு ஊர் தீயன் அந்தவன், கூடல் ஊர் ஆகோள்ல செத்தவன், அவனுக்கான கல். ஆள், ஊர், சம்பவம். நம்ம ஆபீஸ் பக் ரிப்போர்ட்கூட இவ்வளவு தெளிவா இருக்காது :-)

ஆகோள்னா எதிரியோட ஆநிரையைக் கவர்றது. அதே சொல் தொல்காப்பியத்துலயும் இருக்கு. அது வெறும் மாட்டுத் திருட்டு இல்லைங்க. மாடுதான் செல்வம், அதை ஓட்டிட்டுப் போனா போர் அறிவிச்சாச்சுன்னு அர்த்தம். வெட்சித் திணையே அதுக்குத்தான். அந்தவன் கவரப் போனானா, மீட்கப் போனானா, கல் சொல்லல. கூடல் ஊர்ங்கிறது கம்பம் பக்கத்து கூடலூரா, மதுரையான்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. என் ஓட்டு எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ சீனாவுக்கு வருவோம். கி.மு. 260-ல் சாங்பிங்ல சின் நாடும் ஜாவ் நாடும் மோதினாங்க. சரணடைஞ்ச நாலு லட்சம் ஜாவ் வீரர்களைக் கொன்னுட்டாங்கன்னு பின்னாடி வந்த சிமா சியான் எழுதி வச்சிருக்கார். எண்ணிக்கை மிகைன்னே வச்சுக்கோங்க. கொன்ன தளபதி பாய் சி பேர் இன்னைக்கும் நிக்குது. செத்தவன்ல எத்தனை பேருக்குப் பேர் இருக்கு? நாமளும் ஒழுங்கில்ல. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்னு ராஜா பேரை மூச்சு விடாம சொல்லுவோம். அங்கே ஈட்டி பிடிச்சவன் யாரு?

புலிமான்கோம்பைக் கல்லுல ராஜா பேரே இல்ல. எனக்குப் பெருமையே அதுதான்.

அந்த வழியா எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கேன். நான் படிச்சப்போ ஒரு வாத்தியாரும் இதைச் சொல்லல. பொங்கலுக்கு ரூம்மேட்டைக் கூட்டிட்டு வர்றேன். முதல்ல புலிமான்கோம்பை, அப்புறம்தான் சுருளி அருவி.