வீடும் கடனும்

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்பது நம்மவர் பழமொழி. வாழ்நாளில் ஒருமுறை வீடு கட்டி அல்லலுற்றார் கூற்றாக அது வழங்குகின்றது. வன்னிப் பெருநில மக்களோ ஒருமுறையன்றிப் பலமுறை அவ்வல்லலுக்கு ஆளானவர்கள். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தெறிந்தது. எஞ்சிய மனைகளை 2009இல் முடிவுற்ற போர் தின்றது. வற்றாப்பளைக்கும் அயலூர்களுக்கும் மீண்டு வந்தோர் மறுபடியும் அத்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியவராயினர்.

2012 ஒக்ரோபர் 2ஆம் நாள் விரிவாக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டம் வடக்கு கிழக்கு மாகாணங்களில் 46,000 குடும்பங்களை நோக்கியது. புதுவீடு ஒன்றிற்கு 550,000 ரூபா. அதுவும் வேலை ஏறும் படிக்கேற்பத் தவணை தவணையாகக் கிடைக்கும். வீட்டுக்காரரே மேசனைத் தேடிக் கல்லும் மணலும் சீமெந்தும் வாங்கிக் கட்டுவித்தல் வேண்டும். தன் மனையைத் தான் நினைந்தவாறு அமைக்கும் உரிமையை மக்களுக்கு அளித்த இம்முறை பாராட்டத்தக்கதே. ஆயின் உரிமை வந்தவிடத்துப் பொறுப்பும் உடன் வருமன்றோ? பிழைகள் புகுந்த வாயிலும் அதுவே.

முதற்பிழை அத்திவாரத்திலே நேர்ந்தது. முன்னர்ப் பெருவீட்டில் வாழ்ந்தவர்க்குச் சிறுவீடு குறைவாகத் தோன்றிற்று. நாளை மகளுக்குச் சீதனமாகப் போகும் வீடாயிற்றே என்ற எண்ணமும் ஒருபால் உந்திற்று. ஆகவே கொடைப்பணத்திற்கு அடங்காத அளவில் அத்திவாரம் வெட்டினார் பலர். சுவர் எழும்போதே பணம் தீர்ந்தது. கூரைக்காகத் தாலிக்கொடியும் காப்பும் அடகுக்கடை ஏறின. தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்குக் கடமை என்பது ஒரு பொருள். பெற்ற பொருளைத் திருப்பித் தரும் பொறை என்பது மற்றொரு பொருள். மனை அமைத்தல் இல்லறத்தானுக்குக் கடன். அக்கடனைச் செய்யப் புகுந்து மற்றைக் கடனில் வீழ்ந்தவர் கதையே வன்னியில் மிகுதி.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றனர் முன்னோர். மண்வெட்டி எடுக்குமுன் கூரை, கதவு, நிலம், மலசலகூடம் ஈறாக முழுச்செலவையும் எழுதிக் கூட்டுதல் வேண்டும். விலையேற்றத்திற்கென ஒரு பங்கை ஒதுக்கிவைத்தலும் வேண்டும். ஓர் அறையும் விறாந்தையும் சமையற்கட்டும் முதலில் முற்றுப்பெற, மற்றை அறைகள் பின்னர் ஒட்டத்தக்கதாகப் படம் வரைவித்தல் அறிவுடைமை. கூரையுள்ள சிறுவீட்டிற் குடியிருக்கலாம். கூரையற்ற பெருவீட்டில் மழையே குடியிருக்கும்.

இரண்டாவது, நிலத்தையும் நீரையும் அறியாமை. நந்திக்கடல் அருகிருக்கும் ஊரில் உப்பு எங்கும் உண்டு. விலை மலிவென்று கடல்மணலையும் உவர்நீரையும் கொண்டு கொங்கிறீற் இட்டால், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துச் சில ஆண்டுகளில் மேற்பூச்சைப் பிளக்கும். உப்புநீரில் விளக்கெரிவது வற்றாப்பளை அம்மன் திருவருள்; உப்புநீரில் வீடு நிலைபெற்றது யாண்டும் இல்லை. கலவையில் அளவுக்கு மிஞ்சி நீர் விடுதலும், இட்ட கொங்கிறீற்றைக் குறைந்தது ஏழு நாளாவது நனைத்துக் காவாமையும் இத்தகைய பிழைகளே. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடியாவது இல்லையேல் குடிக்கும் நீரே நஞ்சாகும்.

மூன்றாவது, காற்றையும் மழையையும் மறத்தல். பண்டு மனை வகுத்தோர் நாட்டிய கோலின் நிழல் கொண்டு திசை அறிந்தமையை நெடுநல்வாடை கூறும். நாமோ வீதியைப் பார்த்து வாயில் வைக்கின்றோம். சோளகம் வரும் திசையிற் சன்னல் வைக்க மறக்கின்றோம். மாரி வெள்ளம் முன்னர் ஏறிய மட்டத்தை அயலிலுள்ள முதியோரை வினவி, அதற்கு மேலாக நிலமட்டம் உயர்த்துதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் வடபுலத் தாழ்நிலங்களையும் வெள்ளக்காடாக்கி இதனை மீண்டும் உணர்த்திற்று.

பிழையெல்லாம் குடிமக்களதே எனல் நீதியன்று. கொடைத்தொகை நிலையாக நிற்க, பொருள்களின் விலையும் கூலியும் ஏறிக்கொண்டே சென்றன. 2016இல் அரசு 65,000 பொருத்து வீடுகளை வடக்கு கிழக்கிற்குத் தர முனைந்தது. இரும்பாலான அவ்வீடு ஒன்றின் செலவு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. வெப்ப நாட்டிற்கு அது ஒவ்வாதென்றும், உள்ளூர் மேசனுக்கும் ஓடாவிக்கும் வேலை தாராதென்றும் எதிர்ப்பு எழவே அது கைவிடப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்களை நம்பிப் பழைய குடிலைப் பிரித்தவர் பலர். 2019 இறுதியில் ஆட்சி மாறியது, தவணைப்பணம் நின்றது, அரைச்சுவரோடு வீடுகளும் நின்றன. அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியில், 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூடை 2022இல் இருமடங்கினும் மேற்பட விலையேறிற்று. அரைச்சுவரை முழுச்சுவராக்கும் வழியும் அத்தோடு அடைபட்டது.

ஊன்றி நோக்கின் குடிமகன் பிழையும் அரசின் பிழையும் ஒன்றே. முடிவை எண்ணாது தொடங்கியதே அது. வேறுபாடு யாதெனில், குடிமகன் பிழைக்குக் குடிமகன் வட்டி கட்டுகின்றான். அரசின் பிழைக்கும் அவனே கட்டுகின்றான்.

புயலின் பின் வீடமைப்பு மீண்டும் பேசப்படும் இந்நாளில் செய்யத்தக்கவை இரண்டு. புதிய அத்திவாரம் வெட்டுமுன் பழைய அரைச்சுவர்களுக்குக் கூரை இடுக. தொகையை விலைவாசியோடு உயர்த்துவதுடன், தொழிலறிந்த ஒருவர் முதற்கல் வைக்கும் நாளிலேயே வளவிற்கு வந்து படத்தையும் செலவையும் ஆராயும் ஒழுங்கு செய்க.

'வீடு' என்பது 'விடு' என்னும் அடியிற் பிறந்த சொல். துன்பத்தினின்று விடுபடுதலையும் அது குறிக்கும். அல்லல் பல கண்ட மக்களுக்கு அவர்தம் வீடாவது அச்சொல்லின் பொருளைத் தருவதாகுக.